மிதமான பாதை

பாதையின் தரம்: மிதம், என்கிறது
வனத்துறை அலுவலகத்தில் தந்த மடக்குத்தாள்.
யாருடைய முழங்காலை வைத்து அளந்தார்கள்
என்பது அதில் இல்லை.

ஜூலை. ரெஷிட்சாவில்
இரவு ஒன்பதரைக்கும் ஜன்னல் கம்பி சுடுகிறது.
வெதூரியா சமையல் தராசில்
தண்ணீர்ப் புட்டிகளை நிறுத்துப் பார்க்கிறாள்.
மூன்று லிட்டர், மூன்று கிலோ,
புட்டிகளின் எடை தனி.
பக்கத்திலேயே ஆறு ஓடுமே, என்பாள் ஸெனோவியா.
ஓடும். மேலே ஆடு மேய்வதும் தெரியும்.
சுண்ணாம்புப் பாறை எதையும் வடிகட்டாது.
விரிசலில் விழுந்ததை விழுந்தபடியே
கீழே விட்டுவிடும்,
வாயில் எதுவும் தங்காத
ஸெனோவியாவைப் போல.

ஆற்றுக்குப் பெயர் நேரா.
பெயர்தான் நேரா.
தாளில் அது போகிற போக்கு
பூனை உருட்டிவிட்ட நூல்கண்டு.
நாலு இடத்தில் இறங்கிக் கடக்க வேண்டும், தொடையளவு.
ஆகவே வார் வைத்த பழைய செருப்பு,
காலுறை மூன்று ஜோடி,
கைப்பேசிக்கு மாவு வாங்கிய பிளாஸ்டிக் பை,
இரண்டு முடிச்சு.

தொப்பி. விசில்.
பாம்புக்கென்று ஒன்றுமில்லை.
தடியைத் தட்டிக்கொண்டே நடந்தால் போதும்.
மூக்கில் கொம்பு முளைத்த அந்த விரியனுக்கும்
விடுமுறை நாளில் யாரையும் சந்திக்கப் பிடிக்காது.

வெயில்தான்.
அந்தப் பிளவுக்குள் சூரியன் பெரிய ஓரவஞ்சனைக்காரன்,
காலையில் ஒரு கரைக்கு வெண்ணெய், மறு கரைக்குச் சுண்ணாம்பு.
உச்சிக்கு வந்துவிட்டால்
இரண்டு கரைக்கும் சுண்ணாம்பு.
அதனால்தான் ஐந்தே முக்கால் பேருந்து.

பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுகிறாள்.
போன கோடையின் வெள்ளைப் பொடி
செய்தித்தாளில், யாரோ ஒருவரின்
இரங்கல் அறிவிப்பின் மேல் கொட்டுகிறது.
விரலால் தொட்டுப் பார்க்கிறாள்.
இருபத்தாறு வருடமாக மருத்துவமனையில்
அடுத்தவர் எலும்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவள்,
மார்ச்சில் தன்னுடையதைப் பிடித்தாள்.
இடுப்பில்,
துணி நைந்து அந்தப் பக்கம் தெரிவதுபோல் ஓர் இடம்.
மருத்துவரும் அதே சொல்லைத்தான் சொன்னார்.
மிதமான தேய்மானம்.

நாளைக்கான கால்சியம் மாத்திரையை
ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவே செருகும்போது
சிரிப்பு வருகிறது.
பத்து மாடி உயரத்துக்குச் சுண்ணம் நிற்கிற இடத்துக்கு
ஒரு வில்லை எடுத்துப்போவது,
கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை.
அவ்வளவு பெரிய சுவரையும் தண்ணீர் தின்றிருக்கிறது.
தின்னத் தின்னத்தான் வழி உண்டாயிற்று
என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள்.
இடுப்புக்கு அது பொருந்தவில்லை.
விட்டுவிட்டாள்.

ஸெனோவியா மூன்றாம் முறை அழைக்கிறாள்.
ஆப்ரிகாட்டா, பிளம்ஸா?
எது கனிந்திருக்கிறதோ அது வேண்டாம், நசுங்கும்.
குடை?
வேண்டாம்.
வைத்துவிட்டேனே.
சரி.

உருக்காலை இரவுமுறைக்குக் கிளம்பிய லஸார்
அவளுடைய பேனாக்கத்தியைத் தீட்டி
மேசையில் வைத்துவிட்டு நிற்கிறான்.
"எத்தனை மணிக்குக் கவலைப்பட ஆரம்பிக்கலாம்?"

உள்ளே சிக்னல் கிடையாது.
அவள் விரல் விட்டு எண்ணுகிறாள்.
எட்டுக்கு இறங்கினால் நடை எட்டு மணி நேரம்,
ஸெனோவியாவின் பேச்சுக்கு ஒன்று,
இன்னொன்று எதற்கென்று சொல்லவில்லை,
பேருந்துக்கு ஒன்றரை.
"ஏழரைக்கு."

மின்கட்டண ரசீதின் பின்பக்கம் 7.30 என்று எழுதி
ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டுகிறான்.
பிறகு, அவள் பார்க்கவில்லை என்று நினைத்து,
அதை அடித்துவிட்டு
6 என்று எழுதுகிறான்.

விளக்கணைத்த பிறகு
பை கதவோரம் நிற்கிறது,
தண்ணீர் கனத்து ஒரு பக்கம் சாய்ந்து.
எழுந்துவந்து ஒரு புட்டியை இடம் மாற்றி வைக்கிறாள்.
இப்போது
மறுபக்கம் சாய்கிறது.